துருவத்தில் விளையும் உப்பு: கடற்பனியும் காற்றும் காபனை மாற்றிக்கொள்ளும் விதம்

திருகோணமலையின் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் கலங்களுக்கு ஐஸ் ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். ஆலையிலிருந்து வருகிற நீளமான ஐஸ் கட்டி முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. ஓரங்கள் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். நடுவில் மட்டும் பால் ஊற்றியது போல ஒரு வெண்தண்டு ஓடும். அங்கே வேலை செய்கிற ஓர் ஐயாவிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "அது காத்து, தம்பி," என்றார். "தண்ணி வெளியில இருந்து உள்ளுக்கு உறையும். காத்துக்கு வேற வழியில்ல. நடுவில போய் மாட்டிக்கொள்ளும்."

துருவக் கடல்களில் காபனீரொட்சைட்டு என்ன ஆகிறது என்று படிக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவர் சொன்னது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது. நீர் உறையும்போது தன்னைத் தவிர வேறு எதையும் தன் பளிங்குக்குள் சேர்த்துக்கொள்வதில்லை. கரைந்திருந்த காற்றை ஒதுக்கும், உப்பை ஒதுக்கும், கல்சியத்தை ஒதுக்கும். ஒதுக்கப்பட்டவை எங்கே போகின்றன என்பதுதான் கேள்வி. ஆலையின் தகரக் கூட்டுக்குள் உறையும் நன்னீருக்கு விடை சுலபம்: எல்லாம் நடுவே போய்ச் சிக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பரந்து கிடக்கும் கடல் உறையும்போது விடை அவ்வளவு சுலபமாக இல்லை. விஞ்ஞானிகள் அதைத் தேடத் தொடங்கியதே காலம் தாழ்த்தித்தான்.

அதே ஆலையில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. ஐஸ் கூடுகள் நிற்கும் தொட்டியில் இருப்பது உப்புநீர். பூச்சியத்துக்குக் கீழே பல பாகை குளிர்ந்திருந்தும் அது உறையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குளிரைத் தொட்டுத்தான் கூட்டுக்குள் இருக்கும் நன்னீர் கட்டியாகிறது. உப்பு கூடினால் உறைநிலை இறங்கும் என்ற இந்த ஒரு விதியில்தான் கடற்பனியின் உள்வாழ்க்கை முழுவதும் தங்கியிருக்கிறது.

முதலில் ஒரு முரணைச் சொல்லிவிட வேண்டும். வெயிலில் கிடந்த சோடாப் போத்தலைத் திறந்தால் பொங்கி வழியும். குளிரூட்டியிலிருந்து எடுத்த போத்தல் அப்படிப் பொங்காது. குளிர்ந்த நீர் வாயுவை இறுக்கிப் பிடித்திருக்கும், சூடான நீர் விட்டுவிடும். கடலுக்கும் இதே கணக்குத்தான். மனிதர் எரித்து வெளிவிடும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல்கள் உறிஞ்சுகின்றன. அதில் துருவங்களை அண்டிய குளிர்க் கடல்களின் பங்கு பெரியது. அப்படியானால் கடல் உறைந்து மேலும் குளிர்ந்தால் வாயுவை மேலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும் அல்லவா? நடப்பது அதற்கு எதிர்மாறு. உறையத் தொடங்கிய இளம் பனி காபனீரொட்சைட்டைக் காற்றுக்கு விடுகிறது. வெயில் ஏறி உருகத் தொடங்கிய பனி அதைக் காற்றிலிருந்து இழுக்கிறது. சோடாப் போத்தலின் பாடம் இங்கே தலைகீழாகிவிடுகிறது.

இந்த முரண் நெடுங்காலம் யாருடைய கண்ணிலும் படாததற்குக் காரணம் உண்டு. கடற்பனியைக் கடலுக்குப் போட்ட மூடியாகவே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். உலகக் கடல்கள் எவ்வளவு காபனை வாங்குகின்றன, எவ்வளவு விடுகின்றன என்று கணக்கிட்டபோது பனி மூடிய பரப்பை வாயு கடக்காத இடமாக ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் 1976இலேயே அலாஸ்காவில் ஆய்வு செய்த கொசிங்க், பியர்சன், கெலி மூவரும் கடற்பனியின் ஊடாக வாயுக்கள் கடந்து போவதை அளந்து நேச்சர் இதழில் வெளியிட்டிருந்தார்கள். அந்த முடிவு கவனம் பெறப் பல ஆண்டுகள் ஆயின. 2000க்குப் பிறகுதான் ஆர்க்டிக்கிலும் அந்தாட்டிக்காவிலும் அளவீடுகள் தொடர்ச்சியாக வரத் தொடங்கின. தெளிவான ஓர் அளவீடு கையில் இருந்தும், "மூடி" என்ற வசதியான எண்ணம் கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்ததை நினைக்க எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

கடற்பனி மூடி அல்ல என்றால் வேறு என்ன? ஒரு துண்டை வெட்டி எடுத்து உருப்பெருக்கிப் பார்த்தால் அது நுண்ணிய குழாய்கள் ஓடும் கடற்பஞ்சு போலத் தெரியும். சாதாரணக் கடல்நீரின் ஒரு கிலோவில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அது கிட்டத்தட்ட மறை 1.9 பாகையில் உறையத் தொடங்கும். தூய நீர் பளிங்குகளாக நிமிர்ந்து வளரும். ஒதுக்கப்பட்ட உப்பு, பளிங்குகளுக்கு இடையே சிறு பைகளிலும் கால்வாய்களிலும் செறிந்த உவர்நீராகத் தேங்கும். பனி குளிரக் குளிர இந்த உவர்நீரிலிருந்தும் நீர் உறைந்து போகும், மிச்சம் இன்னும் செறியும். மறை 10 பாகைப் பனிக்குள் சிறைப்பட்ட உவர்நீர் ஒரு கிலோவுக்கு 140 கிராமுக்கு மேல் உப்புக் கொண்டது. கடல்நீரைப் போல நான்கு மடங்கு. கொட்பே ஆலையின் தொட்டி நீரைப் போலவே அதுவும் உறையாமல் பனிக்குள் திரவமாக இருக்கிறது.

அந்த உவர்நீர் அசையுமா, அடைபட்டுக் கிடக்குமா என்பதற்கு ஓர் எளிய விதி இருக்கிறது. கென் கோல்டன் என்ற கணிதவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் 1998இல் சொன்னது. பனியின் கனவளவில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கு மேல் உவர்நீர் இருந்தால் கால்வாய்கள் ஒன்றோடொன்று இணைந்து திறந்துகொள்ளும். அதற்குக் கீழே போனால் தனித்தனிப் பைகளாக அடைபடும். வழக்கமான முதலாண்டுப் பனியின் உப்பு ஒரு கிலோவுக்கு 5 கிராம் என்று வைத்தால் இந்த எல்லை மறை 5 பாகையில் வருகிறது. மூன்று இடத்திலும் ஐந்து வருவதால் இதை ஐந்துகளின் விதி என்கிறார்கள். ஆகவே மாரிகாலத்தில் மேற்பரப்பு மறை 20 பாகைக்குப் போகும்போது பனியின் மேற்பாதி இறுகிவிடும். கடல்நீரைத் தொடும் அடிப்பாதி எப்போதும் திறந்தே இருக்கும். வசந்தத்தில் வெப்பம் ஏறும்போது கதவுகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகத் திறக்கும்.

இதையெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் வாசித்தபோது எனக்கு மனத்தில் வந்தது துருவம் அல்ல, நிலாவெளிப் பக்கத்து உப்பளம். அது வெறும் உவமையாக வந்ததும் அல்ல. இரண்டு இடத்திலும் நடப்பது வேதியியலில் ஒரே வேலை. உப்பளத்தில் வெயிலும் காற்றும் நீரை ஆவியாக எடுத்துக்கொண்டு போகின்றன. துருவத்தில் குளிர் நீரைப் பனியாக எடுத்துக்கொள்கிறது. நீர் எந்த வழியாகப் போனாலும் மிச்சம் செறிகிறது, செறிந்தது ஒழுங்கு முறையில் படிகிறது. மழை விட்ட மாதங்களில் பாத்திகளைச் சுற்றி நடந்தால் இந்த ஒழுங்கைக் கண்ணால் காணலாம். கடல்நீரை ஒரே பாத்தியில் விட்டு உப்பு எடுப்பதில்லை. பாத்திக்குப் பாத்தி மாற்றி, செறிய விட்டுத்தான் கடைசியில் உப்பு விளைய வைப்பார்கள். முதலில் படிவது நாம் உண்ணும் உப்பு அல்ல. நீர் பாதியளவாகக் குறையும்போது சுண்ணாம்பு, அதாவது கல்சியம் காபனேற்று, மெல்லிய வெண்படலமாகப் படியும். நாலில் ஒரு பங்காகக் குறையும்போது ஜிப்சம். பத்தில் ஒரு பங்குக்கு வந்த பிறகுதான் சமையல் உப்பு.

கடற்பனிக்குள் இந்த வரிசை குளிரின் வழியில் நடக்கிறது. மறை 2.2 பாகையைத் தாண்டியதுமே கல்சியம் காபனேற்று படியலாம். மறை 6 பாகையைத் தாண்டும்போது சோடியம் சல்பேற்று, பத்து நீர் மூலக்கூறுகளைக் கூட்டிக்கொண்டு பளிங்காகும். மறை 23 பாகையை நெருங்கும்போதுதான் சமையல் உப்பு, அதுவும் நீரேறிய வடிவில் வரும். காபன் கணக்கில் நமக்கு வேண்டியது முதல் படிவு மட்டும்.

குளிரில் படியும் அந்தக் கல்சியம் காபனேற்று நாம் அறிந்த சுண்ணாம்பின் உருவில் இருப்பதில்லை. ஆறு நீர் மூலக்கூறுகளைத் தன்னோடு கட்டி வைத்த இக்கைற்று என்ற கனிமமாக அது படிகிறது. கிறீன்லாந்தின் இக்கா என்ற ஒடுங்கிய கடற்குடாவின் அடியில் தூண் தூணாக நின்ற கனிமம் இது; அந்த ஊரின் பெயரையே பெற்றது. குளிர் இருக்கும் வரைக்கும்தான் அதற்கு ஆயுள். வெப்பம் ஏறினால் நீரைக் கக்கிவிட்டு வேறு வடிவுக்கு மாறும் அல்லது கரைந்தே போகும். பனித்துண்டை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து உருக்கிப் பார்த்தவர்களின் கண்ணில் அது இவ்வளவு காலமும் படாததற்குக் காரணம் அதுதான். ஜெர்மனியின் டீக்மனும் அவருடைய குழுவினரும் அந்தாட்டிக்கப் பனியை மெல்ல, குளிர் குறையாமல் உருக்கி 2008இல் முதன்முதலாக இக்கைற்றுப் பளிங்குகளைப் பிரித்து எடுத்தார்கள். இரண்டு ஆண்டுகளில் ஆர்க்டிக் பனியிலும் கண்டார்கள். மணற்பருக்கையை விடச் சிறிய அந்தப் பளிங்குகள் கிடைத்த பிறகுதான் பனி ஏன் காபனீரொட்சைட்டை விடுகிறது, ஏன் இழுக்கிறது என்ற கேள்விக்குச் சரியான பிடி கிடைத்தது.

அது எப்படி என்று பார்ப்போம். கடல்நீரில் கரைந்திருக்கும் கனிமக் காபனில் வாயுவாகவே இருப்பது நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. பத்தில் ஒன்பது பங்கு இருகாபனேற்றாக இருக்கிறது, மீதி காபனேற்று. காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்ய முடிந்தது அந்த ஒரு சிறு பங்கால் மட்டும்தான். இப்போது கல்சியம் ஒன்றும் இருகாபனேற்று இரண்டும் சேர்ந்து கல்சியம் காபனேற்றாகப் படிகின்றன என்று வையுங்கள். இரண்டு காபனில் ஒன்று பளிங்குக்குள் போகிறது. மற்றது காபனீரொட்சைட்டு வாயுவாக விடுபடுகிறது. சுண்ணாம்பு படிந்தால் காபன் அடைபடும் என்றுதான் நம் மனம் முதலில் எண்ணும். ஆனால் அடைபடும் ஒவ்வொன்றுக்கும் ஒன்று விடுதலையாகிறது. நிலாவெளிக்கு நேரே புறாத்தீவைச் சுற்றி வளரும் முருகைக்கற்களுக்கும் இதே விதிதான். ஓடு கட்டும்போது முருகை உயிரியும் சுற்றியுள்ள நீருக்குள் காபனீரொட்சைட்டை விடுகிறது. உப்பளத்தின் முதற்பாத்தியில் சுண்ணாம்பு படியும்போதும் அப்படியே.

இதோடு செறிவையும் சேர்த்துப் பாருங்கள். நீர் பனியாகப் போகப் போக மிஞ்சிய உவர்நீரில் கரைந்த காபன் முழுவதும் மடங்கு மடங்காக நெருங்குகிறது. உப்பு கூடிய நீர் வாயுவைப் பிடித்துவைக்கவும் மாட்டாது. குளிர் ஒரு பக்கம் இறுக்கிப் பிடிக்கப் பார்க்கிறது. செறிவும் உப்பும் படிவும் மூன்றாகச் சேர்ந்து மறுபக்கம் தள்ளுகின்றன. தள்ளுகிற பக்கமே வெல்கிறது. காற்றில் காபனீரொட்சைட்டு இன்று பத்து இலட்சத்தில் 420 பங்குக்கு மேல் இருக்கிறது; அந்த அமுக்கத்தைவிட உறைகின்ற பனியின் உவர்நீரில் வாயுவின் அமுக்கம் பலமடங்கு ஏறிவிடும். சோடாப் போத்தல் கணக்கு துருவத்தில் தலைகீழாவது இதனால்தான். ஜப்பானில் நொமுராவும் கூட்டாளிகளும் கடல்நீர்த் தொட்டியை உறையவைத்துச் செய்த பரிசோதனையில், 2006இல், வளர்கின்ற பனி காபனீரொட்சைட்டைக் காற்றுக்கு விடுவதை நேராகவே காட்டினார்கள்.

ஆனால் அந்த வாயு எல்லாமே மேலே போவதில்லை. செறிந்த உவர்நீர் கனமானது, தன் பாரத்தாலேயே கால்வாய் வழியாகக் கீழே கடலுக்கு வடிகிறது. புதிதாக உறைந்த பனியில் ஒரு கிலோவுக்கு 10 கிராமுக்கு மேல் இருந்த உப்பு, மாரி முடியும்போது 4, 5 கிராமாகக் குறைவது இந்த வடிதலால். உப்போடு காபனும் இறங்குகிறது. உள்ளபடியே மேலே காற்றுக்குப் போவதைவிடக் கீழே கடலுக்கு இறங்குவதுதான் பெரும்பங்கு.

பளிங்கும் வாயுவும் எங்கே பிரிகின்றன என்பதை இங்கே நின்று கவனிக்க வேண்டும். ஆண்டுக் கணக்கு முழுவதும் அதில்தான் தொங்குகிறது. இக்கைற்றுப் பளிங்கு பனிக்குள் சிக்கி நிற்க, விடுபட்ட வாயு உவர்நீரோடு ஆழத்துக்கு இறங்கிவிட்டதென்று வையுங்கள். கோடையில் பனி உருகி இக்கைற்று மேல்நீரில் கரையும்போது அதே வேதிமாற்றம் பின்னோக்கி ஓடும்: ஒரு கல்சியம் காபனேற்று கரைய ஒரு காபனீரொட்சைட்டு வேண்டும். அதை மேல்நீர் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மாரியில் விட்டது ஆழத்துக்குப் போயிற்று, கோடையில் வாங்குவது காற்றிடமிருந்து வருகிறது. ஆண்டு முடிவில் காற்றிலிருந்து காபன் குறைகிறது. டென்மார்க்கின் சோரன் றிஸ்கார்ட் முதலானோர் முன்வைத்த கடற்பனிக் காபன் இறைப்பு என்ற கருத்தின் சாரம் இதுதான்.

மறுபுறம், மாரியில் விடுபட்ட வாயு பனியின் மேற்பரப்பு வழியாகக் காற்றுக்கே போய்விட்டால், கோடையில் திரும்ப வாங்குவது அதே கடனைத் தீர்ப்பதாகத்தான் இருக்கும். ஆண்டுக் கணக்கு பூச்சியம். பளிங்கும் உவர்நீரோடு சேர்ந்து கீழே விழுந்து கரைந்துவிட்டால் அதுவும் வேறு கணக்கு. இந்த மூன்றும் ஒரே பனிப்பரப்பில் ஒரே மாரியில் வெவ்வேறு ஆழங்களில் நடக்கின்றன. எந்தப் பங்கு எவ்வளவு என்பதில் மாதிரிக் கணிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. றிஸ்கார்ட் குழுவினர் இந்த இறைப்பைப் பெரிதாக மதிப்பிட்டார்கள். பின்னர் உலகக் கடல் மாதிரிகளில் போட்டுப் பார்த்தவர்கள் அதன் பங்கைச் சிறிதாகக் கண்டார்கள். காரணம், உவர்நீர் எவ்வளவு ஆழத்துக்கு இறங்குகிறது என்பதை அவர்கள் வேறு விதமாக எடுத்தார்கள். காற்றும் அலையும் கலக்கிக்கொண்டே இருக்கும் மேல்நீரின் கலங்கும் படைக்குள்ளேயே நின்றுவிட்டால் அடுத்த கோடையில் அந்தக் காபன் மறுபடி காற்றின் வாசலுக்கு வந்துவிடும்.

கோடையைப் பற்றி இன்னும் இரண்டு சொல். உருகும் பனி நன்னீரை அள்ளிக் கொட்டுகிறது. உவர்நீர் ஐதாகிறது, அதிலிருந்த காபனும் ஐதாகிறது. பனியின் அடியில் பழுப்புநிறப் படலமாக ஒட்டி வாழும் நுண்பாசிகள் வெயில் பட்டதும் காபனை உண்ணத் தொடங்குகின்றன. காற்றில் பத்து இலட்சத்தில் 400 பங்குக்கு மேல் நிற்கும் காபனீரொட்சைட்டின் அமுக்கம், அதே அளவையில் கோடைப் பனியின் உவர்நீரில் 100க்கும் கீழே இறங்கியதை அந்தாட்டிக்காவில் அளந்திருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தை நிரப்பக் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டு இறங்கும். பாசிகள் சுரக்கும் கூழ் போன்ற பொருள் சில கால்வாய்களை அடைத்துவிடுவதும் உண்டு; உயிர் தன் வீட்டின் கதவைத் தானே சாத்திக்கொள்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒரு விவரம். மேலே கிடக்கும் வெண்பனி, உருகி மறுபடி உறைந்து கண்ணாடிப் படையானால், அதுவும் ஒரு கதவடைப்பு.

அளப்பது எளிதல்ல. பனியின் மேல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து உள்ளே வாயு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்ப்பது ஒரு முறை. கோபுரம் நட்டு, காற்றுச் சுழல்களின் வேகத்தையும் அவை சுமக்கும் வாயுவையும் நொடிக்குப் பலமுறை அளப்பது மற்றது. தொடக்க ஆண்டுகளில் கோபுரங்கள் காட்டிய அளவுகள் பெட்டிகள் காட்டியதைவிட மிகமிகப் பெரியவை. கடுங்குளிரில் கருவி தானே சிறிது சூடாவதும், அதன் கண்ணாடியில் உப்பும் உறைபனியும் படிவதும் பொய்யான பாய்ச்சலைக் காட்டியதும் இதற்கு ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. கனடாவின் மனிற்றோபாப் பல்கலைக்கழகத்தில் திறந்தவெளியில் 18 மீற்றர் நீளமும் 9 மீற்றர் அகலமும் கொண்ட ஒரு குளத்தில் செயற்கைக் கடல்நீரை நிரப்பி, மாரியில் உறையவிட்டு, இக்கைற்று எப்போது பிறந்து எப்போது கரைகிறது என்று நாளுக்கு நாள் பின்தொடர்ந்தார்கள். 2019 இலையுதிர்காலத்தில் ஜெர்மனியின் போலார்ஸ்டேர்ன் கப்பலைப் பனிக்குள் வேண்டுமென்றே உறையவிட்டு ஓராண்டு மிதக்கவிட்ட மொசைக் பயணம், இருள் சூழ்ந்த மாரியின் நடுவிலும் அளவீடு எடுக்க வழி செய்தது. அதற்கு முன் நம் கையில் இருந்த தரவில் பெரும்பங்கு வசந்தமும் கோடையும்தான். பனி அதிகம் வளர்வதோ மாரியில்.

எவ்வளவு என்று கேட்டால், நம்பகமான அளவீடுகளில் பெரும்பாலானவை ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்குச் சில மில்லிமோல்களுக்குள் அடங்கும். ஒரு மில்லிமோல் காபனீரொட்சைட்டு 44 மில்லிகிராம். நீங்களோ நானோ ஒரு நாளில் மூச்சில் விடுவது ஏறத்தாழ ஒரு கிலோ. அதாவது ஒரு மில்லிமோல் வேகத்தில், ஒரு மனிதரின் ஒருநாள் மூச்சுக்குச் சமமாக வர மூன்று உதைபந்தாட்ட மைதானம் அளவு பனி வேண்டும். பங்குனி மாதத்தில் ஆர்க்டிக் பனி விரிந்திருக்கும் 150 இலட்சம் சதுர கிலோமீற்றரையும் இந்த ஒரு மில்லிமோலால் பெருக்கினால் நாளுக்கு ஆறரை இலட்சம் தொன். நிலக்கரியும் எண்ணெயும் வாயுவும் எரித்து மனிதர் விடுவது நாளுக்குப் பத்துக் கோடி தொன் அளவில் இருக்கிறது. பனியின் நேரடி மூச்சு அதில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆகவே "பனி உருகினால் அதற்குள் அடைபட்ட காபன் வெடித்து வெளியேறும்" என்று பரவும் செய்திகளை நம்ப வேண்டாம். அந்தக் கவலை நிலத்தடி உறைமண்ணுக்குப் பொருந்தும். கடற்பனி உருகும்போது செய்வது வாங்கல்தான்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறான ஆறுதல் உலவுகிறது. பனி விலகினால் குளிர்க்கடல் திறந்து நிறையக் காபனை உறிஞ்சும், நல்லதுதானே என்பது. ஆர்க்டிக் பனியின் பரப்பு 2012 செப்தெம்பரில் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியது. அந்தாட்டிக்காவில் 2023 பெப்ரவரியில் 18 இலட்சத்துக்கும் கீழே போனது. ஆர்க்டிக் கடலில் பனி விலகிய கனடாப் படுகையில் 2008இல் அளந்த வெய்-ஜுன் காயும் குழுவினரும் 2010இல் சொன்னது வேறு: மேல்நீர் காற்றோடு விரைவிலேயே சமநிலைக்கு வந்துவிட்டது, அதற்கு மேல் வாங்க இடமில்லை. உருகிய நன்னீர் மெல்லிய போர்வையாக மேலே கிடந்து அடிநீரோடு கலக்கவிடாமல் தடுத்ததுதான் காரணம். மாரியில் மகாவலி பெருகிக் கொட்டியாரக்குடாவுக்குள் செந்நீரைக் கொட்டும்போது அது கடல்நீரோடு உடனே கலக்காமல் மேலே படர்ந்து கிடப்பதை மூதூர்ப் பக்கம் வள்ளம் ஓட்டுபவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். மெல்லிய படை சீக்கிரம் நிறையும், சீக்கிரம் சூடாகும். அதற்குக் கீழே இருக்கும் பெருங்கடலுக்குச் செய்தி போய்ச்சேராது.

ஆழத்துக்குப் போகும் கதவு எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். அந்தக் கதவுகளில் ஒன்று நமக்கு நேர் தெற்கே இருக்கிறது. இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனையிலிருந்து தெற்கே கோடு போட்டால் நிலம் குறுக்கிடாமல் ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் போய் அந்தாட்டிக்காவைத் தொடும். இந்தியாவின் பாரதி ஆய்வுநிலையம் 2012இலிருந்து இயங்குவது அந்தக் கரைப்பகுதியில்தான். அதற்குச் சற்று மேற்கே கேப் டார்ன்லி. தரையிலிருந்து வீசும் கடுங்குளிர்க் காற்று அங்கே உறைந்த பனியை உடனுக்குடன் கடலுக்குத் தள்ளிவிடுகிறது. வெறுமையான நீர் மறுபடி உறைகிறது, மறுபடி தள்ளப்படுகிறது. இடைவிடாது பனி செய்யும் ஆலை மாதிரி. அந்தாட்டிக்காவைச் சுற்றிப் பனி மிக அதிகம் உற்பத்தியாகும் இடங்களில் றொஸ் கடலுக்கு அடுத்தது இது. ஒவ்வொரு முறை உறையும்போதும் உப்பு கீழே இறங்குகிறது. அப்படிக் கனத்த நீர் கண்டச்சரிவில் வழிந்து கடலடிக்கே போய்ச் சேர்வதை ஜப்பானின் ஓஷிமாவும் குழுவினரும் 2013இல் உறுதிப்படுத்தினார்கள். அந்தாட்டிக்க அடிநீர் பிறக்கும் நான்காவது இடமாக அது ஏற்றுக்கொள்ளப்பட்டது. கலங்கும் படைக்குள் நின்றுவிடுமா என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. உவர்நீரோடு போன காபன் ஆயிரக்கணக்கான மீற்றர் இறங்கிவிடுகிறது.

அந்தாட்டிக்காவைச் சுற்றி இப்படி இறங்கும் நீர் இந்து சமுத்திரத்தின் அடியில் மேடுகளைச் சுற்றியும் இடுக்குகளுக்குள் நுழைந்தும் வடக்கே ஊர்ந்து வங்காள விரிகுடா வரை வருகிறது. வரும் வழியில் மற்ற நீரோடு கலந்து, மேலிருந்து விழும் உயிர்களின் எச்சம் மக்கி அதன் காபனும் சேர்ந்து, நூற்றாண்டுக் கணக்கில் வயது ஏறுகிறது. திருகோணமலைத் துறைமுகத்தின் வாசலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்கடலை நோக்கி இறங்குகிறது. திமிங்கிலங்கள் கரைக்கு இவ்வளவு அருகே வருவதற்கும் அந்த ஆழம்தான் காரணம். சுவாமி மலையில் நின்று பார்த்தால் தெரியும் நீலத்தின் மேற்பரப்பு 28, 29 பாகைச் சூடு. அதே கடலில் 3,000 மீற்றருக்குக் கீழே வெப்பம் 2 பாகைக்கும் குறைவு. வெயிலே குறையாத நம் கடலுக்கு அடியில் கிடக்கும் அந்தக் குளிர், தெற்கே பனி உறைந்த மாரிகளிலிருந்து வந்தது.